மீதி எலி என்ன பாவம் செய்தது?

பாரிவாக்கம்,
5-1-1969

மதிப்புக்குரிய மச்சான் நாகேந்திரன் அவர்களுக்கு உலகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை கன்னியம்மாளும் பிள்ளைகளும் நூற்றிருபது எலிகளும் சுகம். அங்கே எல்லாரும் சுகமென்று நம்புகிறேன்.

மச்சான், என் வேலை நிரந்தரமாகப் போகிறது! எலி மேய்க்கிற வேலையை விட்டுவிட்டு உங்கள் தவிட்டுக் கடைக்கு மூட்டை தூக்க வரச் சொன்னீர்களே, அது இனி வேண்டாம். அம்பத்தூர் மருந்துக் கம்பெனி எலி என்றால் சும்மாவா? ஒரே வயசு, ஒரே எடை, ஒரே தீனி, ஒரே வெளிச்சம். அப்போதுதான் எலியிடம் தெரிகிற மாற்றம் மருந்தால் வந்ததா என்று சொல்ல முடியுமாம். எங்கள் ஆராய்ச்சி டாக்டர் வனஜா அம்மாள் சொன்னார். நானும் கடிகாரம் பார்த்துத்தான் தீனி வைக்கிறேன். "பெத்த புள்ளைங்களுக்கு என்னிக்காவது மணி பாத்து சோறு போட்டுக்கீறியா?" என்று உங்கள் தங்கை தினமும் பிடுங்குகிறாள்.

நடுவில் ஒரு கண்டம் வந்து போனது. ஆயுத பூஜைக்கு ஃபிட்டர் எத்திராஜ் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்தான். என் ஆயுதம் எலிதானே! போய்ப் பார்த்தால் பாதி எலிக்குத் தலையில் ஏற்கெனவே மஞ்சள். மீதி எலி என்ன பாவம் செய்தது என்று அவற்றுக்கும் மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டிவிட்டேன். டானிக் மருந்து குடித்த எலிக்கு அம்மாள் வைத்த அடையாளச் சாயமாம் அது!

"ஐயோ உலகநாதன், இதுல மருந்து குடிச்சது எது, குடிக்காதது எது?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு நீங்கதானம்மா சொன்னீங்கோ."

மூன்று மாத ஆராய்ச்சி போச்சு. இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். புது எலிகளோடு முதலிலிருந்து தொடங்கினோம். போன வாரம் நிறுத்துப் பார்த்தால், மச்சான், டானிக் குடித்த எலியெல்லாம் கொழுகொழு! குடிக்காதவை பழையபடியே. அம்மாள் குதிக்காத குறைதான். நாளைக்கு மேலிடத்துக்கு அறிக்கை போகிறது, கூடவே என் நிரந்தர வேலை உத்தரவுக்குச் சிபாரிசும். பொங்கலுக்குக் குடும்பத்தோடு அவசியம் வாருங்கள். அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

உங்கள் அன்பு மாப்பிள்ளை,
உலகநாதன்

பி.கு.: கடிதத்தைக் கன்னியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "ஏன்யா, கசப்பு டானிக் குடிக்குதுங்க பாவம்னு அதுங்களுக்கு மட்டும் தெனம் வேர்க்கடலை வாங்கிகினு போறியே, அதை எழுதலியா?" என்கிறாள். ஆறுதலுக்குத்தானே மச்சான் கொடுத்தேன், அதுவும் தீனிக் கணக்கில் சேருமா? காலையில் முதல் வேலையாக அம்மாளிடம் சொல்லிவிடப் போகிறேன். அந்தத் தவிட்டுக் கடை வேலையை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.