அடையாற்று நோயாளி

"இன்னா அண்ணே, விடியக்கூட இல்ல, எங்க கெளம்பிட்டீங்க?"

சாந்தோம் தெருக்குழாயடியில் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே பக்கத்து வீட்டு மர்சலின் கேட்டாள். பவுல்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். வேலையை விட்டதிலிருந்து காரணமில்லாமல் அழுகை வந்தது. சோற்றைப் பார்த்தால் அழுகை, கடிகாரம் அடித்தால் அழுகை. மனைவி அல்போன்சாவுக்குக்கூடச் சொல்லாமல் டாக்டரிடம் போனார்.

"உடம்புல ஒண்ணும் கோளாறு இல்லை, மனசுதான் சோர்ந்து போயிருக்கு. காலையில அடையாறு பாலம் வரைக்கும் நடங்க. கறி, எண்ணெயைக் குறைச்சுக் கீரை, பழம், கேழ்வரகுக் கஞ்சின்னு சாப்பிடுங்க" என்றார் டாக்டர்.

நடப்பது சிரமமில்லை. மனசுக்காக நடக்கிறேன் என்று சொல்ல முடியுமா? பவுல்சாமிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பொழுது சாய்வதற்குள் சாந்தோம் முழுவதும் பேசிவிடும்.

"அடையாத்துல ஒரு சிநேகிதர்... சவரிராயன்னு பேரு. படுத்த படுக்கையா இருக்கார். பார்த்துட்டு வரலாம்னு..."

"ஐயோ பாவமே!" என்றாள் மர்சலின்.

மறுநாள் அவள் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றாள். "ஆட்டுக்கால் சூப்பு. உங்க சிநேகிதருக்குக் குடுங்கண்ணே, தெம்பா எழுந்து உக்காருவாரு."

அரிசிக்கே ரேஷன் கடையில் கால்கடுக்க நிற்கும் காலம். ஆற்றில் கொட்ட அவருக்குக் கை வரவில்லை. பாலத்துச் சுவரோரம் திருடனைப் போல ஒதுங்கி நின்று தாமே குடித்தார். டாக்டரின் முகம் நினைவுக்கு வந்தபோது கடைசி வாயும் இறங்கியிருந்தது.

காலிச் சட்டியைப் பார்த்து மர்சலின் பூரித்துப்போனாள். "குடிச்சாரா?"

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கலை."

அது வினையாயிற்று. அடுத்த நாள் ஈரல் வறுவல் வந்தது. அதற்கடுத்த நாள் எதிர்வீட்டிலிருந்து ஆப்பமும் குருமாவும் சேர்ந்துகொண்டன. பவுல்சாமிக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இப்ப அவருக்கு ஆகாரமே இறங்கலை" என்று சொல்லி வைத்தார்.

சட்டிகள் நின்றன. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சாமியார், "அடையாற்றில் சாகக் கிடக்கும் சவரிராயனுக்காக மன்றாடுவோம்" என்றார். கோயிலே முழந்தாளிட்டது. பவுல்சாமி தலையைத் தூக்கவில்லை.

அன்றைக்கே அல்போன்சா ஜட்கா வண்டி பேசிவிட்டாள். "ஏங்க, உங்க சிநேகிதர் சாகக் கெடக்கறார், நான் ஒருவாட்டி எட்டிப் பார்க்கவேணாமா? நாளைக்குக் காலையில மர்சலினும் வரேன்னு சொல்லிச்சு."

"வேணாம் அல்போன்சா" என்றார் பவுல்சாமி. வேறு வழி தெரியவில்லை. "அவர்... போயிட்டார். அடக்கமும் ஆயிடுச்சு."

அல்போன்சா மாரில் சிலுவை போட்டுக்கொண்டு நேராகச் சாமியாரிடம் போனாள். சவரிராயனின் ஆத்தும இளைப்பாற்றிக்கு மறுநாள் காலையிலேயே பூசை ஏற்பாடாயிற்று.

முன் வரிசையில் பவுல்சாமியை உட்கார வைத்தார்கள். பிறக்காதவனுக்கு மெழுகுவத்தி எரிந்தது. மர்சலின் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். நடக்க ஆரம்பித்துச் சில வாரங்களாக வராத கண்ணீர் அவருக்கும் வந்தது. இந்தத் தடவை காரணம் நன்றாகத் தெரிந்தது. வெட்கம். பின்னாலிருந்து யாரோ, "மனசைத் தேத்திக்குங்க" என்று முதுகைத் தடவிக் கொடுக்க, அது இன்னும் அதிகமாயிற்று.

இனி தாங்காது. பூசை முடிந்ததும் எல்லார் முன்னிலையிலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்தார். பைத்தியம் என்றாலும் சரி, பொய்யன் என்றாலும் சரி.

"சாமி, நான் ஒண்ணு சொல்லணும். இந்தச் சவரிராயன்..."

அதற்குள் பின் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு விடுவிடுவென்று முன்னால் வந்தாள். அடுத்த தெரு ஞானம்மாள்; ஓய்வுபெற்ற கோர்ட்டு குமாஸ்தாவின் மனைவி.

"யாரோ தப்பா சொல்லிட்டாங்க சாமி! எங்க வூட்டுக்காரரு ஒரு வாரமா தெனம் காலையில அவரைப் பாக்கத்தான் அடையாத்துக்குப் போய்க்கினு கீறாரு. நேத்து நான் குடுத்தனுப்பின கோழிக் கொழம்பை அவரு சட்டியோட வழிச்சுச் சாப்ட்டாராமே!"