கோழி இறகு டாக்டர்

தங்கவயலில் சுரங்க ஷாஃப்டுக்குள் ஒரு நாளும் இறங்காமல், ஆட்களைத் துருவித் துருவியே சம்பளம் வாங்கிய ஒரே மகான் எங்கள் கோழி இறகு டாக்டர்தான். டாக்டர் பட்டம் நாங்கள் கொடுத்தது. வீடு வீடாகப் போய், பெருநோய் இருக்கிறதா என்று தோலைப் பார்ப்பது அவர் வேலை. கருவி, சட்டைப் பையில் ஒரு கோழி இறகு. நம்மைக் கண்ணை மூடச் சொல்லி, தோல் வெளுத்த இடத்தில் அதனால் தொடுவார். தொட்ட இடத்தைச் சரியாகக் காட்டினால் பிழைத்தோம். காட்டாவிட்டால் அங்கே உணர்ச்சி செத்துவிட்டது என்று அர்த்தம்.

சுரங்க ஆட்கள் குடியிருந்த மாரிகுப்பம் லைன் வீடுகளுக்கு வந்த முதல் நாளே ஒன்பது பேருக்கு நோய் என்று எழுதிவிட்டார். சுரங்கச் சூட்டில் தேமல் இல்லாத முதுகு ஏது? பெண்கள் ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். பத்தாவது ஆள் குறட்டை விட்ட பிறகுதான் மேதைக்கு விளங்கியது. எல்லாரும் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறி வந்தவர்கள். கண்ணை மூடச் சொன்னதும் நின்றபடியே தூங்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து சோதனையைத் திருத்திக்கொண்டே இருந்தார். சூடு தெரிகிறதா என்று பார்க்க, நாம் குடிக்கக் கொடுத்த காபி டம்ளரை நம் முதுகிலேயே வைப்பார். இறகு தேய்ந்தால் நம் கோழியிடமே பிடுங்கிக்கொள்வார். அவர் சைக்கிள் மணி கேட்டாலே கோழிகள் கூரை ஏறும்.

எனக்கு அப்போது இடுப்பில் கைக்குழந்தை, தோளுக்குக் கீழே ஒரு வெளுத்த வட்டம். பெருநோய் என்று தெரிந்தால் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் மாமியார் அதற்குத் தயாராகப் பக்கத்திலேயே நின்றாள். நான் மட்டும் இளைத்தவளா? அரைக்கண் திறந்து, அவர் விரல் இறங்கும் இடமெல்லாம் காட்டினேன். மூன்று முறை சரி.

டம்ளர் கேட்டு மாமியாரை உள்ளே அனுப்பினார். நாலாவது முறை விரல் இறங்கியது. "இங்க" என்றேன்.

"எறகு என் காதாண்ட கீதும்மா" என்றார் மெதுவாக. நிமிர்ந்து பார்த்தேன். காது மேல் செருகியிருந்தது.

"சொல்லிடாதீங்க சார். கொழந்தைய புடுங்கிக்குவாங்க."

"இப்பவே மாத்திரை துன்னா போயிடும். நிறுத்துனா மட்டும் நானே ஊரக் கூட்டுவேன்."

மாமியார் டம்ளரோடு வந்து, இன்னா கீது என்றாள். சத்து கம்மி என்றார். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாத்தானே துன்றா. எங்க போவுது?"

மாதா மாதம் சத்து மாத்திரை வந்தது. கொண்டுவந்த டாக்டர் எங்கள் காபியைக் குறை சொல்லாமல் ஒரு நாளும் போனதில்லை. கடைசி மாத்திரை முடிந்த அன்று திரும்பவும் இறகை எடுத்தார். இந்த முறை கண்ணை நிஜமாகவே மூடினேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பாழாய்ப்போனவர் இன்னும் காதிலேயே வைத்திருக்கிறாரோ என்று நினைத்தேன்.

அப்புறம் கூசியது.

"கூசுது சார், எடுங்க" என்று கண்ணைத் திறந்தேன். ஊரில் ஒருவர் கண்ணையும் நம்பாத அந்த மனுஷன், இறகை அந்த வெளுத்த வட்டத்தில் வைத்தபடியே, தன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.