கொடி குத்திய பலகாரம்

ஸ்ரீராமஜெயம்

சிட்லபாக்கம்,
5-9-2006, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கஸ்தூரிரங்கன் அண்ணா அவர்களுக்கு, தங்கை காந்தா அநேக நமஸ்காரத்துடன் எழுதுவது. பெருமாள் கிருபையில் நான், உங்கள் மாப்பிள்ளை, வினோத்குமார் மூவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். விழுப்புரத்தில் மழை உண்டா? அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவில் நிற்கிறது? இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்காதீர்கள். போனில் பேசலாம் என்றால் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. நான் கத்தினால் தெருவில் அத்தனை பேருக்கும் கேட்கிறது. இது தெருவுக்குப் போகக்கூடாத விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை வினோத்துக்குப் பெண் பார்க்கப் பெருங்களத்தூர் போய்வந்தோம். அவனுக்கு வயது முப்பத்திரண்டு, முன்நெற்றி மாதாமாதம் ஏறுகிறது, இது தட்டினால் இனி யார் பெண் தருவார்களோ என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. போன இரண்டு இடத்திலும் சொஜ்ஜி பஜ்ஜியைத் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொன்னதில், பஜ்ஜிக்கென்றே கிளம்புகிற குடும்பம் என்று நமக்கு ஒரு பெயர் வந்து, நீங்கள்கூட அதற்காக என்னைக் கோபித்துக்கொண்டு, இனிமேல் மனசுக்குச் சரி என்று பட்டால் ஒழிய எந்த வீட்டிலும் கை நனைக்காதே என்றீர்கள். அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டுதான் போனேன்.

பெண் பெயர் ஜெயஸ்ரீ. அப்பா கோபு, இருபது வருஷம் கப்பலில் ரொட்டி போடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா ரமா. புது அடுக்குமாடி, லிஃப்ட் எல்லாம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எனக்கு முதல் சந்தேகம், எண்ணெய்ச் சட்டி வைத்த வாசனையே இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள், ஒரு வாழைக்காய் நறுக்கக்கூடவா நேரமில்லை என்று பார்த்தால், மேஜை பூராவும் பலகாரம், ஒவ்வொன்றின் தலையிலும் பல் குத்துகிற குச்சியில் ஒட்டின காகிதக் கொடி. ஜெர்மனி, துருக்கி, இத்தாலி, ஸ்காட்லாந்து என்று சுதந்திர தின விழா மாதிரி நிற்கிறது. அந்தந்த நாட்டில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இதைத்தான் வைப்பார்களாம், எல்லாம் கோபுவே ஓவனில் சுட்டதாம். ஆம்பிளை சமைத்திருக்கிறார் என்றால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன தெரியும், ரமா அம்மாள் இத்தனை வருஷம் என்ன பண்ணிக்கொண்டிருந்தார், நீங்களே சொல்லுங்கள்.

ஜெர்மனிக்காரன் பலகாரம் நம்ம கைமுறுக்கு மாதிரியே சுற்றியிருக்கிறது, ஆனால் மெத்துமெத்தென்று, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பிள்ளை மாதிரி. மேலே கல் உப்பு. துருக்கிக்காரனுடையது அப்பளக் கட்டை அப்படியே பாகில் முக்கின மாதிரி. இத்தாலி பிஸ்கட் சுவரில் அடித்தால் சுவர் பெயரும். அதை ஒருதரம் சுட்டு, நறுக்கி, மறுபடி ஒருதரம் சுடவேண்டும் என்று கோபு பெருமையாகச் சொல்கிறார். முதல் தரமே சரியாகச் சுட்டிருந்தால் கரண்ட் மிச்சமாகியிருக்குமே என்று எனக்குத் தோன்றியது, தினம் கணக்கு எழுதுகிறவளுக்கு வேறென்ன தோன்றும். நான் எட்டாவதோடு நின்றவள்தான், ஆனால் பொட்டலம் கட்டி வருகிற காகிதத்தைக்கூடப் படிக்காமல் தூக்கிப் போட்டதில்லை. இந்த மாதிரி வெளிநாட்டுப் பலகாரம் முட்டை இல்லாமல் உப்பாது என்று எத்தனையோ தரம் படித்திருக்கிறேன். கேட்டேன். தயிர் ஊற்றினேன் என்கிறார். தயிர் ஊற்றி உப்புவதானால் நம்ம வீட்டு மோர்க்குழம்பு இந்நேரம் கூரையைத் தொட்டிருக்காதா?

நான் சனிக்கிழமை விரதம்கூட விடாத ஆசாரக்காரி, ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. ஆனால் உங்கள் மாப்பிள்ளை? நான் தொடையில் கிள்ளக் கிள்ள ஜெர்மனியில் இரண்டு, துருக்கியில் மூன்று. அந்த வீட்டு உப்பைத் தின்றாகிவிட்டதே என்று காதோரம் சொன்னால், "உப்பு மேலதான் இருக்கு காந்தா, உதறிட்டுத்தான் சாப்ட்றேன்" என்கிறார். வினோத் தட்டையே பார்க்கவில்லை, பெண்ணைப் பார்த்துக்கொண்டே ஸ்காட்லாந்தைக் கொடியோடு வாயில் போட்டு, அப்புறம் குச்சியை எடுத்தான்.

சரி, கண்ணால் பார்த்துவிடுவோம் என்று தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். முட்டை ஓட்டை ரோஜாச் செடிக்குப் போடுவார்கள் இல்லையா, அதனால் முதலில் பால்கனித் தொட்டியைக் கிளறினேன். காபித்தூள் சக்கைதான் இருந்தது. எவ்வளவு ஜாக்கிரதையான மனிதர் பாருங்கள். குப்பைக் கூடையைத் திறந்து குனிந்திருக்கிறேன், பின்னால் அந்தப் பெண் வந்து நிற்கிறது.

"என்ன ஆன்ட்டி தேடறீங்க?"

"தண்ணிம்மா."

"குப்பைக் கூடையிலயா? முட்டை ஓடுன்னா அதுல இல்ல ஆன்ட்டி, காலையிலேயே நான் பாத்துட்டேன். எனக்கும் எங்கப்பா மேல சந்தேகம்தான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாக்கறேன், சிக்கமாட்டேங்கறாரு."

பெற்ற அப்பாவையே வேவு பார்க்கிற பெண் நாளைக்கு மாமியாரை என்ன பாடு படுத்தும்? கூடையின் மூடியை அது மூடின விதம், சத்தமே இல்லாமல், பழகின கை. புறப்படும்போது ரமா அம்மாள் ஒரு டப்பா நிறையக் கட்டிக் கொடுத்தார். பார்த்தீர்களா சூட்சுமத்தை? டப்பாவை வெறுமனே திருப்பித் தர முடியுமா? நிரப்பித் தரவேண்டும், அவர்கள் மறுபடி நிரப்புவார்கள், இப்படியே முகூர்த்தம் வரை இழுத்துவிடுவார்கள். ஆகவே அண்ணா, தாய்மாமன் என்கிற முறையில் நீங்களே அவர்களுக்கு ஒரு வரி எழுதி, நட்சத்திரம் கூடிவரவில்லை என்று நயமாகச் சொல்லிவிடுங்கள். வினோத் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்கிறான், அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் குடும்பத்தைப் பெருமாள் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க நித்தியம் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிற

தங்கை
காந்தா

பி.கு.: ஒட்டப் போகிற நேரத்தில் ரமா அம்மாள் போன் செய்தார். "நீங்க ஒண்ணையுமே தொடலையே, அப்பவே எங்களுக்குப் புரிஞ்சுடுச்சு, அதனால ஒண்ணும் தப்பா நினைக்கல" என்கிறார். எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டாரே என்றேன். "அவர் சாப்பிட்டதைப் பாத்துதான், முடிவு எடுக்கறவங்க நீங்கன்னு தெரிஞ்சுகிட்டோம்" என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பொழிச்சலூரிலிருந்து வேறு ஒரு பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். போனை வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன் அண்ணா. கேட்காமலே குப்பைக் கூடையைப் பார்க்கிற பெண் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும்? மேலே எழுதினது அத்தனையும் கிழித்துப் போட்டுவிடுங்கள். நட்சத்திரம் பிரமாதமாகக் கூடியிருக்கிறது. எதிர்வீட்டு எலியேசர் சார் நாளைக் காலை விழுப்புரம் வருகிறார், அவர் கையில் இந்தக் கடிதத்தையும், அதிரசம் நிரப்பின அந்த டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் வியாழக்கிழமையே பஸ் ஏறுங்கள், எப்படியும் பெருங்களத்தூரில் நிற்கும். டப்பாவைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, எந்தக் கொடி குத்தியிருந்தாலும் ஒன்று விடாமல் சாப்பிடுங்கள். தாய்மாமன் கை நனைத்தால் நான் நனைத்த மாதிரி. சர்க்கரையை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். முட்டையைப் பற்றி மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அதை ஜெயஸ்ரீ இங்கே வந்த பிறகு நாங்கள் இரண்டு பேருமாகக் கண்டுபிடித்துக்கொள்கிறோம்.