பொட்டு வைத்த கேமரா

மகாபலிபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில், பஸ்காரர் நிறுத்தலாமா வேண்டாமா என்று யோசித்து நிறுத்துகிற ஓர் ஊரில், சியாமளாவின் வீட்டு வாசலை ஒட்டி ஓடும் சாக்கடைக் கால்வாய்க்கு ஒரு மூடி இல்லை. அந்தத் தெருவுக்கு மொத்தம் பதினெட்டு மூடி. பதினேழு இருந்தன. இல்லாத ஒன்று சரியாக அவள் வாசலுக்கு நேரே இல்லாமல் இருந்தது.

அவள் மகன் நிதினுக்கு எட்டு மாதம் முடிந்து, சுவரைப் பிடித்து எழுந்து நிற்க ஆரம்பித்திருந்தான். அவன் நடப்பதற்குள் மூடி வந்தாக வேண்டும். பிள்ளைகள் நடப்பதற்கு எந்த ஆபீசிலும் அனுமதி கேட்பதில்லை என்பதால் விஷயம் கொஞ்சம் அவசரம்தான்.

சியாமளா பெரிய கூச்சக்காரி. இறங்கும் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள். வீட்டுக்காரரோ விடிந்தால் கல்பாக்கம் கேன்டீன் வேலைக்குப் போய் விளக்கு வைத்த பிறகு வருகிறவர். ஆகவே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பேரூராட்சி ஆபீசுக்கு அவளே மனுவோடு போனாள்.

அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். நிர்வாகத்தை நவீனமாக்கியே தீருவது என்று மேலிடத்தில் முடிவெடுத்து, அந்த ஆபீசுக்கு உள்ளங்கையில் அடங்கும் வீடியோ கேமரா ஒன்றை அனுப்பியிருந்தார்கள். இனிமேல் எந்தக் குறையையும் அசையும் படமாக எடுத்து, படத்தைப் பார்த்துத்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும். கேமராவுக்குத் தனிப் பீரோ, தனிச் சாவி, தனி ரிஜிஸ்டர். மனு கொடுக்க வந்தவர்களுக்குத்தான் உட்கார பெஞ்சு கிடையாது.

ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள், செயல் அலுவலர் லட்சுமணன் கேமராவோடு நேரிலேயே வந்துவிட்டார். பியூன் ராமதாஸ் குடை பிடித்துக்கொண்டு வந்தார். குடை லட்சுமணனுக்கு அல்ல, கேமராவுக்கு.

கால்வாயைப் பார்த்ததும் லட்சுமணனுக்கு ஒரு சிக்கல் தோன்றியது. எடுக்க வேண்டியது அசையும் படம். குழியோ அசையாமல் கிடக்கிறது. ரொம்ப நேரம் யோசித்து, சியாமளாவையே குழியை ஒருமுறை தாண்டச் சொன்னார். தெருவே வேடிக்கை பார்க்க, முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு அவள் தாண்டினாள். படம் சரியாக விழவில்லை என்று இரண்டாம் தடவையும் தாண்டச் சொன்னார். தாண்டினாள். மூடி வந்தால் போதும் அவளுக்கு.

பத்தே நாளில் கடிதம் வந்தது. "தங்கள் மனு வீடியோ ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டதில், மேற்படி வடிகாலின் திறப்பின்மீது சிவப்பு நிறத்தில், வட்ட வடிவில் மூடி ஒன்று ஏற்கெனவே அமைந்துள்ளது ஐயத்துக்கு இடமின்றிக் காணப்படுகிறது. எனவே தங்கள் குறை களையப்பட்டது என இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது."

சியாமளா கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தாள். குழி இருந்தது. இன்னொரு தடவை கடிதத்தைப் படித்தாள். அப்போதும் குழி இருந்தது.

மறுபடி ஆபீசுக்குப் போனாள். லட்சுமணன் பெருந்தன்மையோடு டிவியைப் போட்டுக் காட்டினார். உண்மைதான். குழிக்கு நேர் மேலே, நட்ட நடுவில், சிவப்பாக வட்டமாக ஒன்று இருந்தது. படம் நகர நகர அந்த வட்டமும் நகர்ந்தது. எதிர் வீட்டு வேப்ப மரத்தில் ஏறியது. சியாமளா தாண்டியபோது அவள் முகத்தில் உட்கார்ந்தது.

"சார், மூடி மரத்து மேலயும் கீது சார்" என்றாள் மெதுவாக.

"நீ மரத்துக்கா மனு குடுத்த? கால்வாய மட்டும் பாரும்மா."

அப்போதுதான் அவள் மேஜையில் இருந்த கேமராவைக் கவனித்தாள். ஆயுத பூஜைக்கு ராமதாஸ் ஆபீஸ் முழுக்கப் பொட்டு வைத்திருந்தார். டைப்ரைட்டருக்கு, பீரோவுக்கு, ஓடாத ஜீப்புக்கு, எல்லாவற்றுக்கும். கேமராவுக்கு நெற்றி எது என்று தெரியவில்லை. முன்பக்கம் நடுவில் கண்ணாடியாக, வட்டமாக இருந்ததுதான் நெற்றி என்று தீர்மானித்து, சந்தனத்தைக் குழைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்துவிட்டார்.

"சார், அது குங்குமம் சார். தொடச்சிட்டா சரியா பூடும்."

லட்சுமணன் வாய் திறக்குமுன் ராமதாஸ் திரும்பினார். "பூச பண்ண பொட்டத் தொடைக்கிறதா? தாலி கட்டிகினு கீற பொம்பள பேசற பேச்சாம்மா இது?"

சியாமளா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நடந்ததைக் கேட்டுப் பக்கத்து வீட்டு சைதூன் வயிறு வலிக்கச் சிரித்தாள். அவளிடம் தம்பி துபாயிலிருந்து அனுப்பிய கேமரா போன் இருந்தது. அதிலேயே குழியைப் படம் எடுத்தார்கள். கறுப்பாக ஓடுகிற தண்ணீர், மிதக்கிற செருப்பு, எட்டிப் பார்க்கிற நிதின், எல்லாம் பளிச்சென்று விழுந்தன. இந்தத் தடவை சைதூனும் கூடப் போனாள்.

லட்சுமணன் படத்தை முழுக்கப் பார்த்தார்.

"இதுல மூடியே இல்லயே."

"அதத்தான் சார் அவ ஒரு மாசமா சொல்லிகினு கீறா" என்றாள் சைதூன்.

"ஆபீஸ் கேமரால மூடி தெரியுது. உன் போன்ல தெரியல. அப்போ கோளாறு எதுலம்மா?"

சைதூன் சியாமளாவைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் பதில் தெரியும். ஆனால் பதில் சொல்ல வேண்டிய இடம் அதுவல்ல.

"போன் பேசறதுக்கு. கேமரா படம் எடுக்கறதுக்கு. அவங்கவங்க வேலய அவங்கவங்க பாக்கணும். இல்லாங்காட்டி ஆபீஸ்னு ஒண்ணு எதுக்கு?" என்று லட்சுமணன் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பிறகு ஊர் வேகமாக முன்னேறியது. ரோட்டுப் பள்ளம், பள்ளிக்கூடச் சுவரின் ஓட்டை, தண்ணீர்த் தொட்டி விரிசல் என்று எதைப் படம் பிடித்தாலும் நட்ட நடுவில் சிவப்பு வட்டம் வந்து அடைத்துக்கொண்டது. இரண்டு மாதத்தில் அறுபத்து மூன்று குறைகள் தீர்ந்தன. ஒரு மூட்டை சிமெண்ட் செலவாகவில்லை. செங்கல்பட்டில் விழா வைத்து லட்சுமணனுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

ஊரும் சும்மா இருக்குமா? அரசாங்கப் படத்திலேயே பொட்டு இருக்கிறதென்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. மகாபலிபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த தாவீது, கல்யாண வீடியோவுக்கும் கண்ணாடியில் பொட்டு வைத்து எடுக்க ஆரம்பித்தார். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மாப்பிள்ளை ஒருவர், பொட்டு இல்லாத கேமரா என்றால் மணவறையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். போனில் படம் எடுப்பவர்களைப் பந்தியில் கடைசியாக உட்கார வைத்தார்கள்.

முதல் குறை தீர்ந்த இடம் என்பதால் சியாமளாவின் தெருவில் கல்வெட்டு வைத்தார்கள். கால்வாயிலிருந்து நாலு எட்டில், இரண்டு செங்கல் தூணுக்கு நடுவே, பளபளக்கும் கருங்கல் பலகை. அதில் "சீரமைக்கப்பட்ட வடிகால்" என்று தொடங்கி, லட்சுமணனின் பெயரும் பட்டங்களும் பொன் எழுத்தில். திறந்து வைத்து, லட்டு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மதியம் நிதின் சுவரை விட்டான். ஓர் அடி வைத்தான். இரண்டாவது வைத்தான். மூன்றாவது அடியை நேராக வாசலைப் பார்த்து வைத்தான். சோற்றுக் கையோடு ஓடிவந்த சியாமளா அவனைச் சட்டையோடு பிடித்தபோது, அவன் கால் கட்டைவிரல் குழியின் விளிம்பில் இருந்தது.

பிள்ளையைத் தூக்கி வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். அதுவரை தெருவில் யாரையும் உரக்கக் கூப்பிட்டறியாதவள் கூப்பிட்டாள்.

"சைதூன், இந்தக் கல்ல ஒரு கை புடி."

அதிகம் சிரமப்படவில்லை. கல்வெட்டுக்கும் சிமெண்ட் செலவாகாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டின கையோடு வந்துவிட்டது. அளவெடுத்துச் செய்தது போலக் குழிமேல் உட்கார்ந்தது. பெரிய மனுஷர் பெயர்மேல் கால் படக்கூடாது என்று எழுத்துப் பக்கத்தைக் கீழே போட்டார்கள்.

தகவல் போய், லட்சுமணன் கேமராவோடு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கல்வெட்டு எங்கம்மா?"

சியாமளா தலையைக் குனிந்துகொண்டாள். "கண்ணால பாத்தா எப்டி சார். கேமரால பாருங்க."

அவர் பார்த்தார். இரண்டு தூணுக்கும் நட்ட நடுவில், சிவப்பாக, வட்டமாக, கம்பீரமாக ஒன்று தெரிந்தது. வெகு நேரம் பார்த்தார். கடைசியில், "கீது" என்று மெதுவாகச் சொல்லி ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் நின்றிருந்தது கல்வெட்டின் மேல்தான். விழவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து மற்ற தெருக்காரர்கள் மூடி கேட்டு மனு கொடுப்பதை நிறுத்திவிட்டு, கல்வெட்டு கேட்டு மனு கொடுக்க ஆரம்பித்தார்கள்.

நிதினுக்கு முதல் பிறந்த நாள் வந்தது. சைதூன் போனில் எடுக்கிறேன் என்றாள். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று சியாமளா தாவீதையே வரச்சொல்லிவிட்டாள். கேசட் வந்ததும் தெருவே கூடி டிவி முன்னால் உட்கார்ந்தது. கேக் வெட்டுகிற பிள்ளையின் கழுத்துக்கு மேலே, முதலிலிருந்து கடைசிவரை, சிவப்பு வட்டம் அசையாமல் இருந்தது.

"அப்டியே அப்பன் ஜாடை" என்றார்கள் எல்லோரும்.

"மூக்கு மட்டும் எங்கப்பா மாதிரி" என்றாள் சியாமளா, கூச்சத்தோடு.