கிளாரினெட்டுக்கு எந்த மைக்?

கிளாரினெட் மட்டும் கேட்கவில்லை.

ஹெட்போனில் டிரம்பெட் முழங்கியது, டிரம் அதிர்ந்தது, ஜால்ரா கூடத் தெளிவாக வந்தது. முன்வரிசையில் கண்ணை மூடி, கன்னம் புடைக்க நின்ற குர்ஷித்தின் கிளாரினெட் மட்டும் இல்லவே இல்லை.

மோகனா இயற்பியல் படித்தவள். ஆம்பூரில் வக்கார் அகமதுவின் சவுண்ட் சர்வீஸில் சேர்ந்ததிலிருந்து கேபிள்தான் சுருட்டினாள். சர்தார் பாஷாவின் பேண்ட் செட் மொத்தமாக வாசிப்பதைக் கல்யாண மண்டபத்திலேயே பதிவு செய்ய வேண்டும் என்றதும், எந்த வாத்தியத்துக்கு எந்த மைக் என்பதைத் தன்னிடம் விடும்படி தயங்கித் தயங்கிக் கேட்டு வாங்கியிருந்தாள். நன்றாக வந்தால் இனி ரெக்கார்டிங் எல்லாம் அவள் பொறுப்பு. சொதப்பினால் மறுபடியும் கேபிள்.

"போன வருசம் இதே பேண்டு, இதே குர்ஷித்து," என்றார் வக்கார். "நம்ம பழைய மைக்க வச்சேன். கிளாரினெட்டு தேன் மாதிரி வந்துச்சு. நீ இன்னாடான்னா புக்கப் பாத்து மைக் வைக்கிற."

மோகனாவுக்குக் காது சூடானது. மைக்கைக் குர்ஷித்தின் அருகே நகர்த்தினாள். பக்கத்து டிரம்பெட் இரு மடங்காக வந்து விழுந்தது.

அடுத்து, மெல்லிய ஒலியையும் விடாத கண்டென்சர் மைக்கை வைத்தாள். அது எதையும் விடவில்லை. சமையல்கட்டில் பிரியாணி தேக்சா கழுவுவது, ஹைவே லாரியின் ஹாரன், வக்கார் "பேஜார்" என்று முணுமுணுத்தது எல்லாம் வந்தன.

பேண்ட் மாஸ்டர் சர்தார் பாஷா மெல்ல அருகே வந்தார். கிளாரினெட் கொஞ்சம் கம்மியாவே இருக்கட்டும், விட்டுடும்மா என்றார். வக்காரின் கிண்டலைவிட இந்தப் பரிவுதான் அவளுக்கு அதிகம் உறைத்தது. அவள் தேர்ந்தெடுத்த மைக்குக்கு இரக்கமா?

சட்டையில் குத்தும் குட்டி மைக்கைக் கிளாரினெட்டின் அகன்ற அடிமுனையிலேயே பொருத்தினாள். குர்ஷித்தின் கோட்டுப் பொத்தான் அதில் உரசி, பாட்டு முழுக்க யாரோ தேங்காய் துருவுவது போல் கேட்டது. ஐந்தாவது முறையாக முதலிலிருந்து வாசிக்கச் சொன்னபோது டிரம் அடிப்பவர் உட்கார்ந்தேவிட்டார்.

"போதும். நாளைலருந்து நீ கேபிளப் பாரு," என்றார் வக்கார்.

மோகனா எழுந்தாள். இவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை.

"மைக் சரியாத்தான் இருக்கு பாய். நான் காட்டுறேன்."

குர்ஷித்தை மணப்பெண் அறைக்கு அழைத்துப்போனாள். ஜன்னலைச் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள், கண்டென்சர் மைக்கை அவர் முன் வைத்தாள். வாசலில் வக்கார் கைகட்டி நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சர்தார் பாஷா எதற்கோ தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இப்போ நீங்க மட்டும் வாசிங்க பாய்."

ஹெட்போனில் குர்ஷித் எச்சில் விழுங்கியது துல்லியமாகக் கேட்டது. அதன்பின் ஒன்றுமில்லை. அவர் கிளாரினெட்டை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"நான் ஷூ கம்பெனில சோல் ஒட்றவன்மா, பேண்டுக்கு ஆள் கம்மியானா கோட்ட மாட்டிகினு இதப் புடிச்சிகினு நிப்பேன், இன்னி வரைக்கும் ஊதுனதே இல்ல."