மாடி வீட்டுக்காரனும் கறையான் டாக்டரும்

பழங்காநத்தம்,
மதுரை.
14.11.1982

மரியாதைக்குரிய பிலோமினாள் அக்காவுக்கு,

உங்கள் அப்பா வீட்டு மாடியில் குடியிருக்கும் காசிமாயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் வீட்டின் பெரும்பகுதியும் நலம். பம்பாயில் நீங்களும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும்.

அப்பா, டாக்டர் ராயப்பன், காலமாகி இருபது நாள் ஆகிறது. முப்பதாம் நாள் பூசையில் வாசிக்க, அவர் சென்ற நாடுகளின் பட்டியல் கேட்டிருந்தீர்கள். மரப்பெட்டியில் பாஸ்போர்ட்டுகளைத் தேடி எடுத்தேன். கென்யா முழுசாக இருக்கிறது. சூடான் பாதி. பிரேசில் இல்லை. ஜாவாவுக்குப் போனாரா என்று இனிக் கறையான்தான் சொல்ல வேண்டும்.

நாற்பது வருடம் கறையானைத் தேடி உலகம் சுற்றியவர், சொந்த வீட்டில் ஒன்றைக்கூடக் கொல்ல விடவில்லை. பெருக்க வரும் ஒச்சம்மாள் ஒரு நாள் மண்ணெண்ணெய் பாட்டிலோடு வந்து நின்றார்.

"ஏன்யா, இதப் பாக்கவா கப்பலேறிப் போனீக? எங்கிட்டக் கேட்டிருந்தா வாசக்கதவுலயே காட்டியிருப்பேன்ல."

"அது வேற சாதி, ஒச்சம்மா."

"ஆத்தாடி, இதுலயுமா!"

என் கட்டிலின் ஒரு கால் பொடியாக உதிர்ந்தபோது புகார் சொல்லக் கீழே இறங்கினேன். "நீங்களும் குடித்தனக்காரர், அதுகளும் குடித்தனக்காரங்க. ஒருத்தருக்காக ஒருத்தரை எப்படித் தம்பி காலி பண்ணச் சொல்றது?" என்றார். புதுக்கால் போட்டு, நான்கு கால்களுக்கும் தண்ணீர் டின் வைத்துக் கொடுத்தார். புத்தக அலமாரிக்கும் டின் கேட்டேன். மறந்துவிட்டார்.

இதெல்லாம் குறையல்ல, அக்கா. இந்தத் தெருவில் பதினோரு வீட்டில் "கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். உங்கள் அப்பா கேட்டது ஒன்றுதான்: "புத்தகம் எம்புட்டு வச்சிருக்கீங்க, தம்பி?" முந்நூறு என்றேன். முகம் மலர்ந்தது. அன்றே சாவி. எனக்கு மஞ்சள் காமாலை கண்டபோது எழுபது வயது மனிதர் தினமும் கஞ்சியோடு மாடியேறினார். பிரேசிலில் புற்றின்மேல் உட்கார்ந்து சாப்பிட்ட கதை சொல்வார். பேச்சினூடே என் அலமாரி முன் நின்று ஒவ்வொரு புத்தகமாகப் பிரித்துப் பார்ப்பார். ரசனை. போன வருடம் என் கவிதை நோட்டு காணாமல் போனபோதும் அவர்தான் அக்கறையாக விசாரித்தார்: "நல்ல தாளா, தம்பி?"

சனிக்கிழமை கப்பலூரிலிருந்து மருந்தடிக்க ஆள் வருவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம், அக்கா. அவர் ஞாபகமாக இந்த வீட்டில் ஏதாவது உயிரோடு இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. ஒச்சம்மாள் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

என்றும் நன்றியுடன்,
காசிமாயன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஒச்சம்மாள் இரும்பு பீரோவின் சாவியைக் கண்டெடுத்தார். பட்டியல் அதற்குள் இருந்தது. பதினேழு நாடுகள். இணைத்திருக்கிறேன். ஜாவாவுக்குப் போயிருக்கிறார். கூடவே ஒரு நோட்டு, 'மாடி: முந்நூறு புத்தகம்: சோதனை' என்று தலைப்பிட்டு. முதல் வரி நான் குடிவந்த தேதி. எந்த நாவல் எத்தனை நாளில் தீர்ந்தது என்று மாதவாரியாகக் குறித்திருக்கிறார். அதற்கடியில் என் கவிதை நோட்டு. ஒரு பக்கம்கூடச் சேதமில்லை. அட்டையில் அவர் கையெழுத்து: "மூன்று முறை வைத்துப் பார்த்தேன். தொடவில்லை. பத்திரப்படுத்தவும்."

மருந்தடிக்கும் ஆளை உடனே அனுப்புங்கள். சனிக்கிழமை வரை பொறுக்க வேண்டாம்.