டயருக்குள் ஊற்றிய ரப்பர் பால்

புத்தகத்தில் படித்ததை மட்டும் நம்பி ஒருவர் எவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியும் என்று யாராவது கேட்டால், என்னால் துல்லியமாகப் பதில் சொல்ல முடியும். முப்பத்திரண்டு மைல். யோங் பெங்கிலிருந்து தெற்கே, சிம்பாங் ரெங்கம் தாண்டிக் கொஞ்ச தூரம்.

முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு வயது இருபத்திரண்டு. என் கணவர் மலாய் நாட்டு ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர், இனி ஓடாது என்று கைவிட்டுப் போன மோட்டார் வண்டி ஒன்று, ரப்பர் பால் உறையவைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் நின்றிருந்தது. தோட்டத்துக் கோழிகள் அதில்தான் முட்டையிடும். முதல் உலகப்போருக்கு முந்தைய வண்டி. மர ஆரங்கள் வைத்த சக்கரங்கள், பித்தளை விளக்குகள், முன்னால் நின்று சுழற்ற ஒரு கைப்பிடி. கோழிகளை அப்புறப்படுத்திவிட்டு, ஏழு மாதம் உழைத்து, என் கணவர் அதை நெடும்பயணத்துக்கு ஏற்றதாக மாற்றினார். வில்பட்டைகளில் இன்னும் ஒரு தகட்டைக் கூட்டினார். மிதிபலகையில் தண்ணீர் டின்களுக்குச் சட்டம் அடித்தார். பின்னால் பிரம்புப் பெட்டி கட்டி, மழைக்குக் கித்தான் திரை தைத்தார். இயந்திரம் இருமி, தும்மி, பிறகு சீராக மூச்சுவிடத் தொடங்கிய அந்த முதல் காலையில் நான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன். (சிரிக்காதீங்க. அன்னைக்கு அங்க நின்னிருந்தா நீங்களும் போட்டிருப்பீங்க.) செத்துக் கிடந்த இரும்பு உயிர்பெறுவதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

குறை ஒன்றே ஒன்றுதான். பின்சக்கரங்களின் டியூப்கள் இரண்டும் ஒட்டின்மேல் ஒட்டாக இருந்தன. அந்த அளவில் டியூப் வருவது நின்று வெகுகாலமாகிறது என்று சிங்கப்பூர்க் கடைக்காரர் கடிதம் எழுதிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் என் நாத்தனார் பிலோமினாவின் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்கு செடெனாக்கில் ரப்பர் ஸ்டோர் வேலை. கல்யாணப் பூசை ஜோகூர் பாரு மாதா கோயிலில், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு. மறுநாள் சாம்பல் புதன், தவக்காலத் தொடக்கம். தவக்காலத்தில் கல்யாணப் பூசை கிடையாது. நண்பகலுக்குப் பின் சாமியார் பூசை தொடங்கவும் மாட்டார். ஆக, செவ்வாய்க்கிழமை பன்னிரண்டுக்குள் பெண் போய்ச் சேராவிட்டால் ஈஸ்டர்வரை காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் தகப்பனாரோ காத்திருக்கிறவர் அல்ல. பெண் பார்க்க வந்த அன்றே, "வாயே தொறக்க மாட்டேங்குதே, ஊமையா?" என்று கேட்டவர். சம்பந்தத்தை முறிக்க அவருக்கு ஒரு சாக்கு போதும்.

உறவினர் எல்லாரும் திங்கட்கிழமையே பஸ்ஸில் போக, தங்கையைத் தன் வண்டியில்தான் கொண்டுபோவேன் என்று என் கணவர் பிடிவாதமாக இருந்தார். டியூப்புக்கு வழி சொன்னது நான். ஐரோப்பாவில் லாரிகள் கெட்டி ரப்பர் டயர்களில் ஓடுவதாக ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன்.

"என்னாங்க, நம்மகிட்ட இல்லாத ரப்பரா? டியூப்புக்குள்ள பாலை ஊத்தி, ரெண்டு சொட்டு ஆசிட் விட்டா உறைஞ்சிடும். அப்புறம் பஞ்சரே கிடையாது."

அவர் என்னைக் கண்கொட்டாமல் பார்த்தார். "ரோசி, நீ ஆம்பளையா பொறந்திருந்தா பெரிய இன்ஜினியரு."

மூலையில் தன் சீர்த்தலையணைக்குப் பஞ்சடைத்துக்கொண்டிருந்த பிலோமினா, அந்த வாரத்தில் முதன்முறையாக வாயைத் திறந்தாள். "புளிச்சிப் போவாதா, அண்ணி?"

"அதெல்லாம் போவாது." (பத்திரிகையில் புளிப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.)

சனிக்கிழமை புனல் வைத்து ஊற்றினோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அழுத்திப் பார்த்தால், கல்போல நின்றது.

செவ்வாய்க்கிழமை விடியுமுன் கிளம்பினோம். பிலோமினாவின் வெள்ளைப் பட்டின்மேல் என் பழைய சேலையைச் சுற்றியிருந்தேன். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வேண்டியவள் என்பதால் நள்ளிரவிலிருந்து அவள் ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்கவில்லை. மூடுபனிக்குள் ரப்பர் மர வரிசைகள் ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடின. மரத்தின்மேல் சூரியன் ஏறியபோது பித்தளை விளக்குகள் தாமாகவே எரிவதுபோல் ஒளிர்ந்தன. உலகம் நமக்காக வழிவிடுகிறது என்று நான் உண்மையாகவே நம்பிய முப்பது மைல் அது.

வாடையை முதலில் தோட்டத்து வாடை என்றே நினைத்தோம். தோட்டங்கள் முடிந்தன, வாடை கூடவே வந்தது. எதிரே சைக்கிளில் வந்த மலாய்க்காரர் ஒருவர், "அலமாக்! பூசோக்!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் ஒதுங்கினார்.

பிறகு வெடித்தது.

இடப்பக்கப் பின்டயர் பிளந்து, மூன்று நாள் புளித்து வாயு கட்டிய ரப்பர் பால் வெள்ளைக் கட்டிகளாகச் சாலை நெடுகச் சிதறிக் கிடந்தது. அந்த நாற்றத்தை விவரிக்க எனக்குத் தெரிந்த இரண்டு மொழிகளிலும் சொல் இல்லை. என் கணவர் கைகளைத் தொங்கவிட்டு நின்றார். நான் அழுதேன்.

"அண்ணே, சும்மா நிக்காதீங்க," என்றது ஒரு குரல். பிலோமினா இறங்கியிருந்தாள். "அந்தப் பக்கமும் ஊதிக்கிட்டு வருது பாருங்க. அது வெடிக்கிறதுக்குள்ள காத்தை விடணும்."

என் தவறு, நானே திருத்துகிறேன் என்று முந்திக்கொண்டு வால்வைத் திருகினேன்.

"அண்ணி, வாய மூடிக்குங்க!" என்றாள் அவள். ஒரு கணம் தாமதமாகச் சொன்னாள்.

நான் துப்பி முடித்து நிமிர்வதற்குள் அவள் சாலையோரத்து லாலாங் புல்லில் இறங்கிவிட்டாள். "அறுத்துப் போடுங்க, அண்ணே. தலையணைக்கு அடைக்கிற மாதிரி ஓரத்துலேருந்து இறுக்கி அடைச்சா நிக்கும்." புல்லைக் கயிறுபோல் முறுக்கி, ஸ்பேனரின் பிடியால் இடித்து இடித்து டயருக்குள் திணித்தாள். பிளந்த டயரைக் கித்தான் திரையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினாள். புல் அறுத்து அவள் விரல்களில் ரத்தம் கசிந்தது. ஒரு வருடம் ஒரே கூரையின்கீழ் இருந்தும் நான் ஒருநாளும் கவனிக்காத பெண்ணை, நாற்றம் பிடித்த அந்தச் சாலையில் வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். (ஆமாங்க, திரும்பவும் வாயைத் தொறந்துக்கிட்டுத்தான்.)

சைக்கிள் வேகத்தில், இரண்டு முறை நின்று புதுப்புல் அடைத்து, கோயில் வாசலை அடைந்தபோது மணி பதினொன்றே முக்கால். மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் கைக்குட்டையுமாக நின்றார்.

"என்னா நாத்தம் இது? இதுதான் பொண்ணு வீட்டு சீரா?"

நான் தலைகுனிந்தேன். மாப்பிள்ளை மட்டும் முன்னால் வந்து, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா. நம்ம ஸ்டோரு மாதிரிதான் இருக்கு."

பிலோமினா சிரித்துவிட்டாள். பிறகு மாமனாரை நேராகப் பார்த்து, "டயரு வெடிச்சிருச்சுங்க, மாமா. அடைச்சி எடுத்துக்கிட்டு வந்தோம். சாமி காத்துக்கிட்டு இருக்காங்க, உள்ள போலாங்களா?" என்றாள். ஊமை என்று தான் நினைத்தவளை அந்த மனிதர் ஏற இறங்கப் பார்த்தார். கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வழிவிட்டார்.

அதன்பின் வண்டியில் எது பழுதானாலும் என் கணவர் செடெனாக்குக்கு, தங்கையிடம்தான் ஆள் அனுப்பினார்.

கோயில் வாசலில் எடுத்த கல்யாணப் படம் பிலோமினா வீட்டுக் கூடத்தில் இன்றும் தொங்குகிறது. இரு வீட்டு உறவும், சாமியார் உட்பட, முகத்தைச் சுளித்து ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருக்கிறார்கள். மணமக்கள் இருவர் மட்டும் நேராகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வரும் புதுப் பிள்ளைகள் காரணம் கேட்கும்போதெல்லாம் பிலோமினா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வாள்: "அந்தக் கல்யாணத்துல யாருக்குமே இஷ்டமில்லடா, எங்க ரெண்டு பேரைத் தவிர."

நான் ஒருநாளும் மறுத்ததில்லை.